இரண்டு வரிசை லைட் போர்ட்டில் காட்சி மாறும்போது நடுவில் வெளிச்சம் இறங்குவது ஏன்?

கேள்வி: காரைதீவு ஆசிரியை

வணக்கம். அம்பாறை மாவட்டக் கரையோரப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். எமது மாணவர்கள் மட்டக்களப்புக் கூத்தின் ஒரு வகையான வடமோடிக் கூத்து ஒன்றை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, சபை ஒரு பக்கம் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடையில் ஆடவிருக்கிறார்கள். ஒளியமைப்பை மாணவர்களே இயக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மண்டபத்தில் விளக்குகளின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பழைய லைட் போர்ட் ஒன்று உள்ளது. அதில் 12 ஃபேடர்கள் (மேலும் கீழும் நகர்த்தும் கைப்பிடிகள்) கொண்ட வரிசைகள் இரண்டு. மேல் வரிசைக்கு ஏ என்றும் கீழ் வரிசைக்கு பி என்றும் எழுதப்பட்டிருக்கிறது. வலப்பக்கத்தில் ஏ மாஸ்டர், பி மாஸ்டர், கிராண்ட் மாஸ்டர் என மூன்று பெரிய ஃபேடர்களும் பிளாக்அவுட் பொத்தான் ஒன்றும் உண்டு. சனல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சிறு பொத்தான். போர்ட்டின் பின்புறத்திலிருந்து, மைக் கேபிளைப் போன்ற முனையுடைய ஒரே ஒரு கேபிள் புறப்பட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், நான்கு சனல் கொண்ட டிம்மர் பெட்டிகள் மூன்றுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கிறது. விளக்குகள் 1000 வாட் பார் 64 (குவிந்த கற்றை தரும் விளக்கு) எட்டு, 500 வாட் ஃபிரெனெல் (ஓரம் மென்மையான ஒளி தரும் விளக்கு) நான்கு. இவற்றுடன் எல்ஈடி பார் விளக்குகள் நான்கை வாடகைக்கு எடுத்துத் தருவதாகப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குத் தெளிவாகாதவை இவை. அதே பன்னிரண்டு விளக்குகளுக்கு எதற்காக இரண்டு வரிசை? பி மாஸ்டரில் மட்டும் 10 என்ற எண் அடியிலும் பூச்சியம் மேலேயும் அச்சிடப்பட்டிருப்பது ஏன்? எல்லாவற்றிலும் முக்கியமாக, கொலுக் (அரசவை) காட்சியிலிருந்து போர்க்களக் காட்சிக்கு மாறுவதற்காக இரண்டு மாஸ்டர்களையும் ஒன்றாகத் தள்ளும்போது, பாதி வழியில் மேடை முழுவதும் மங்கி மீண்டும் எழுகிறது. இரண்டு காட்சிகளிலும் ஒரே அளவில் வைத்திருக்கும் விளக்குகள்கூட, அதாவது கூத்தை நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் இருக்கும் மூலைக்கு விழும் விளக்குகள்கூட, இறங்கி ஏறுகின்றன. இது போர்ட்டின் பழுதா, அல்லது இயக்கும் முறையில் ஏதும் மாற்றம் வேண்டுமா?

பதில்: புளியந்தீவு ஒளியமைப்பாளர்

ரீச்சர், போர்ட்டில் பழுதில்லை. இந்த வகைப் போர்ட்டின் இயல்பே அதுதான். கையால் அதைச் சரிப்படுத்தலாம். வரிசை ஏன் இரண்டு என்பது விளங்கினால் மற்றவை தாமாகவே விளங்கும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒன்றை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்: விளக்குகளுக்கான மின்சாரம் போர்ட்டினூடாகச் செல்வதில்லை. அது டிம்மர் பெட்டிகளுக்கு நேரே வருகிறது. போர்ட்டிலிருந்து போவது, மூன்றாம் சனல் 70 வீதத்தில் இருக்கட்டும், ஐந்தாம் சனல் அணையட்டும் என்பது போன்ற கட்டளைகள் மட்டுமே. முன்னைய போர்ட்டுகள் சனலுக்கு ஒரு வயர் வீதம், பூச்சியம் முதல் 10 வோல்ட் வரையான சிறிய மின்னழுத்தமாக இந்தக் கட்டளையை அனுப்பின. நீங்கள் சொல்லும் கேபிளைப் பார்த்தால் உங்களுடையது டிஎம்எக்ஸ் 512 முறையில் இயங்குவது. அமெரிக்காவின் அரங்கத் தொழினுட்ப அமைப்பான யூஎஸ்ஐடிடி 1986இல் வகுத்த இந்த முறையில் ஒரே கேபிளில் 512 சனல்கள் வரை செல்லலாம். உங்கள் போர்ட் அவற்றில் முதல் பன்னிரண்டை மாத்திரம் பயன்படுத்துகிறது.

இனி வரிசைகள். ஏ வரிசை இப்போது மேடையில் எரியும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பி வரிசையில் அடுத்த காட்சிக்கான அளவுகளை ஒவ்வொன்றாக வைக்கிறீர்கள். ஏ மாஸ்டர் முழுவதும் திறந்தும் பி மாஸ்டர் பூச்சியத்திலும் இருக்கும்வரை, கீழ் வரிசையில் விரல்கள் எப்படி ஓடினாலும் சபையிலிருப்பவருக்கு எதுவும் தெரியாது. தருணம் வந்ததும் மாஸ்டர்களை மாற்றிவிட்டால் பி வரிசை மேடைக்கு வந்துவிடும், ஏ வரிசை ஓய்வாகிவிடும். பின்னர் ஏ வரிசையில் மூன்றாவது காட்சியைத் தயார் செய்யலாம். ஒரு வரிசை எரிய மறு வரிசை தயாராகும் இந்த மாறாட்டம் நாடகம் முடியும்வரை தொடரும். ஒரே வரிசை மட்டும் இருந்தால் பன்னிரண்டு ஃபேடர்களைச் சபையின் கண்முன்னே பத்து விரல்களால் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டியிருக்கும். மின்தடையால் வெளிச்சத்தைக் குறைத்த பழைய தடை டிம்மர்களின் காலத்தில் கைப்பிடிகளை ஆளுக்குச் சிலவாகப் பிடித்துக்கொண்டு பலர் நின்று அதைத்தான் செய்தார்கள். காட்சிகளை முன்கூட்டியே வைத்துவிட்டு ஒருவரே அழைக்கும் மின்னணு முறையை, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஐசனவர் 1940களின் இறுதியில் தைரட்ரன் குழாய்களைக்கொண்டு செய்து காட்டினார். உங்கள் மண்டபத்துப் போர்ட் அந்த வழியில் வந்த எளிய பிள்ளை.

பி மாஸ்டர் தலைகீழாக இருப்பது இரண்டு கைப்பிடிகளையும் ஒரே விரலசைவில் ஒரே திசைக்குக் கொண்டுபோவதற்காக. இரண்டும் மேலே இருந்தால் ஏ முழுவதும் திறந்திருக்கும், பி மூடியிருக்கும். இரண்டும் கீழே இருந்தால் பி திறந்திருக்கும், ஏ மூடியிருக்கும்.

நீங்கள் சொல்லும், நடுவில் வெளிச்சம் இறங்கும் பள்ளம் விழுவது இந்த ஒன்றான அசைவின்போதுதான். ஒரு சனலுக்கு ஏ வரிசையிலிருந்து ஓர் அளவும் பி வரிசையிலிருந்து ஓர் அளவும் வரும். இப்படிப்பட்ட போர்ட் அவ்விரண்டையும் கூட்டுவதில்லை. பெரியதை எடுத்துக்கொண்டு சிறியதை விட்டுவிடுகிறது. பழைய போர்ட்டுகளில் இரண்டு வரிசைகளின் மின்னழுத்தமும் ஆளுக்கொரு டயோட்டின் வழியாக ஒரே இடத்தில் சேரும். கூடிய வோல்ட் உள்ளதே வெளியே செல்லும். புதிய போர்ட்டுகளில் அந்த ஒப்பீட்டை உள்ளிருக்கும் சிப் செய்கிறது. அண்ணாவியாரின் மூலைக்கு விழும் விளக்கு மூன்றாம் சனலில் இருக்கிறது, இரண்டு வரிசையிலும் 70இல் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். மாஸ்டர்கள் பாதி வழியில் இருக்கும்போது ஏ வரிசையிலிருந்து வருவது 70இல் பாதி, 35. பி வரிசையிலிருந்து வருவதும் 35. இரண்டில் பெரியது 35தான். ஆகவே 70இல் நின்ற விளக்கு 35க்கு இறங்கி, மீண்டும் 70க்கு ஏறுகிறது. நீங்கள் கண்டது இதுவே. இரண்டையும் விகிதப்படி கூட்டும் போர்ட்டுகளும் இருக்கின்றன; அவற்றில் 35உம் 35உம் சேர்ந்து 70ஆகவே நிற்கும், பள்ளம் விழாது.

உங்களுடைய போர்ட்டில் செய்யவேண்டியது கைப்பிடிகளைப் பிரிப்பது. வரவேண்டிய வரிசையின் மாஸ்டரை முதலில் முழுவதும் திறவுங்கள். அதன் பிறகே போகவேண்டிய வரிசையின் மாஸ்டரை மூடுங்கள். ஏயிலிருந்து பிக்குப் போவதென்றால், பி கைப்பிடி முதலில் கீழே வரும், ஏ கைப்பிடி பின்தொடரும். திரும்பி வரும்போது ஏ கைப்பிடி முதலில் மேலே போகும். எந்தக் கணத்திலும் ஒரு மாஸ்டராவது முழுவதும் திறந்திருந்தால், இரு காட்சிகளுக்கும் பொதுவான விளக்கு அசையாது. கணக்குப் பார்த்தால் தெரியும்: பி திறந்து முடியும்போது 70உம் 70உம், பெரியது 70. பின்னர் ஏ பூச்சியத்துக்கு இறங்கும்போதும் பியின் 70 அப்படியே நிற்கிறது.

இதற்கு ஒரு விலையுண்டு. இடைப்பட்ட நேரத்தில் இரண்டு காட்சிகளின் விளக்குகளும் சேர்ந்து எரிவதால் மேடை ஒரு கணம் கூடுதலாக வெளித்துவிடும். கொலுவின் மஞ்சளும் போர்க்களத்தின் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது அழகாக இருக்காது. என் வழக்கம் இதுதான்: இரண்டு காட்சிகளுக்கும் பொதுவான விளக்குகள் பல இருந்தால் கைப்பிடிகளை முழுவதும் பிரிப்பேன், பொதுவானது ஒன்றுமில்லாவிட்டால் இரண்டையும் சேர்த்தே நகர்த்துவேன், அங்கே பள்ளம் காட்சி மாற்றமாகவே தோன்றும், இரண்டுங்கெட்டானாக இருந்தால் வருவதை முக்கால்வாசி திறந்த பிறகு போவதை மூடத் தொடங்குவேன். அப்போதும் சிறிது இறங்கும், ஆனால் கண்ணுக்கு உறுத்தாது. அந்த முக்கால் சரியாக எவ்வளவு என்று தாளில் எழுதி வைக்க முடியாது. மாணவரை மேடைக்கு எதிரே இருத்தி, மேடையைப் பார்த்தபடியே கைப்பிடியை நகர்த்தப் பழக்குங்கள். போர்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு மாற்றுகிறவர் பள்ளத்தைக் காணவே மாட்டார்.

மிச்சமிருப்பவை சிறியவை. கிராண்ட் மாஸ்டர் இரண்டு வரிசைக்கும் மேலே நிற்கும் மூடி. அது கீழே இருந்தால் எதுவும் எரியாது, ஒத்திகைகளில் பாதிக் குழப்பம் அதனால் வருவதே. சிறு பொத்தான்கள், அழுத்திப் பிடித்திருக்கும்வரை அந்தச் சனலை முழு அளவில் எரிய வைக்கும். விளக்குகளைச் சோதிப்பதற்கு அவை மிக வசதி.

பதில்: வந்தாறுமூலை மாணவன்

ரீச்சர், புளியந்தீவு ஐயாவின் விளக்கம் தெளிவானது. ஆனாலும் ஒரு மாற்று யோசனையைச் சொல்ல விரும்புகிறேன். மடிக்கணினி ஒன்றும், யூஎஸ்பி வழியாக டிஎம்எக்ஸ் தரும் சிறிய பெட்டி ஒன்றும் இருந்தால், கட்டணமில்லாத மென்பொருள்களிலேயே காட்சிகளைச் சேமித்து வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு விசையை அழுத்தி வரவழைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை செக்கன்கள் என்பதையும் முன்கூட்டியே பதிந்துவிடலாம். அங்கே பள்ளமும் இல்லை, பன்னிரண்டு ஃபேடர்களைத் திரும்பத் திரும்ப வைக்கும் வேலையும் இல்லை. மாணவர் ஒருவர் பதற்றத்தில் ஒரு ஃபேடரைத் தவறாக வைத்துவிடும் அபாயமும் நீங்குகிறது. கைப்போர்ட் கற்பதற்கு நல்லது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்தாலும், தொழிலுக்குப் போனாலும், அவர்கள் முன்னே இருக்கப்போவது நினைவகமுள்ள போர்ட்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பதில்: களுவாஞ்சிகுடிக் கூத்தாடி

தம்பி சொல்வது வசன நாடகத்துக்குப் பொருந்தும். கூத்துக்கு நான் கைப்போர்ட்டையே தேர்வேன், காரணம் மத்தளம்.

கூத்தில் ஒரு வரவு (பாத்திரம் ஆடிக்கொண்டு மேடைக்கு வருவது) எத்தனை செக்கன்கள் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. அரசன் வரவில் ஆட்டக்காரன் நன்றாக ஆடுகிறான் என்று கண்டால் அண்ணாவியார் இன்னொரு சுற்று விடுவார். பிள்ளை களைத்துவிட்டான் என்று கண்டால் விரைவாகத் தாளம் தீர்த்துவிடுவார். பிற்பாட்டுக்காரர் ஒரு அடியை மீண்டும் எடுத்தால் ஆட்டமும் நீளும். கணினியில் எட்டுச் செக்கன் என்று பதிந்து வைத்த மாற்றம் எட்டுச் செக்கனில் முடிந்துவிடும். மேடையில் தாளம் இன்னும் தீர்ந்திருக்காது. கைப்பிடியைப் பிடித்திருக்கும் பிள்ளையோ மத்தளத்தைக் கேட்டுக்கொண்டே நகர்த்தலாம், தாளம் தீரும் அடியில் நிறுத்தலாம், அண்ணாவியார் நீட்டினால் பாதி வழியில் காத்திருக்கலாம். ஆகவே போர்ட்டில் இருத்துவதற்குக் கூத்தில் ஆடிப் பழகிய, தாளக்கட்டு காதில் உள்ள மாணவரைத் தெரிவு செய்யுங்கள். கணினி கெட்டிக்காரரைவிட அவரே நன்றாகச் செய்வார்.

ஒளி எவ்வளவு வேண்டும் என்பதிலும் ஒரு சொல். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருந்து பார்த்த கூத்துக்குத் தீப்பந்தமும் பின்னர் பெற்றோல்மாக்ஸும் போதுமாக இருந்தன. வெளிச்சம் காட்சிக்குக் காட்சி மாறவில்லை, மாறியதெல்லாம் பாட்டும் ஆட்டமும்தான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மாணவர்களைக்கொண்டு படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்த பின்னரே, சபை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து பார்க்கும் கூத்துக்கு ஒளியை அமைக்கும் தேவை நம்மவருக்கு வந்தது. எனவே மாற்றங்களைக் குறைவாகவே வையுங்கள். கொலு, வழிப்பயணம், போர், முடிவு என்று நான்கைந்து அடிப்படை ஒளிநிலைகள் ஒரு மணி நேரக் கூத்துக்குத் தாராளம். போர்த் தருவில் (போர்ப் பாட்டில்) அந்தச் சிறு பொத்தான்களைத் தாளத்துக்குத் தட்டி மின்னல் அடிக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். தயவுசெய்து விடாதீர்கள். காலடியைப் பார்க்க வந்தவன் கண் கூசி இருப்பான்.

பக்க ஒளியை மறக்க வேண்டாம். நேர் முன்னிருந்து மட்டும் அடித்தால் கரப்புடுப்பு (விரிந்து நிற்கும் கூத்துடை) தட்டையாகத் தெரியும், சுழலும்போது அதன் விரிவு தெரியாது. பார் விளக்குகளில் இரண்டையாவது மேடையின் இரு பக்கங்களிலும் வையுங்கள்.

பதில்: அக்கரைப்பற்று வயர்மன்

எல்லோரும் போர்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் டிம்மருக்கு வரும் மின்சாரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 1000 வாட் விளக்கு ஒன்று ஏறத்தாழ 4.3 ஆம்பியர் எடுக்கும். சனலுக்கு 5 ஆம்பியர் தாங்கும் டிம்மர் பெட்டியில் சனலுக்கு ஒரு பார் விளக்குதான் போடலாம். இரண்டு போட்டால் பியூஸ் போய்விடும். ஒரு பெட்டியில் நான்கு பார் விளக்குகளும் முழுவதும் எரிந்தால் 17.4 ஆம்பியர். சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் அதற்குப் போதாது. பழைய 15 ஆம்பியர் உருண்டை முனைப் பிளக்கும் போதாது. எக்ஸ்டென்ஷன் வயரில் கொழுவி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிளக் உருகும். உங்கள் பன்னிரண்டு விளக்குகளும் சேர்ந்து 10,000 வாட், அதாவது 43 ஆம்பியருக்கு மேல். 30 ஆம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்புள்ள மண்டபமாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக எரிக்கவே முடியாது. திரீ பேஸ் இருந்தால், பெட்டிக்கு ஒரு பேஸ் வீதம் தனித்தனி பிரேக்கருடன் தகுதியுள்ள ஒருவரைக்கொண்டு வயர் இழுத்துக் கொள்ளுங்கள். இதை மாணவர்களிடம் விட வேண்டாம்.

டிம்மர் வெளிச்சத்தைக் குறைக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். மின்சார அலை செக்கனுக்கு 50 தடவை ஏறி இறங்குவதால் அரை அலைகள் 100. டிம்மருக்குள் இருக்கும் தைரிஸ்டர் ஒவ்வோர் அரை அலையின் தொடக்கத்திலும் சிறிது நேரம் பாதையை மறித்து வைத்துவிட்டுப் பின்னர் சட்டென்று திறக்கிறது. அதிக நேரம் மறித்தால் மங்கல், குறைந்த நேரம் மறித்தால் வெளிச்சம். இழை விளக்கு சூட்டில் எரிவதால் இந்த வெட்டு அதற்குத் தெரிவதில்லை. சில வேளை இழை மெல்லிதாக இரையும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சட்டென்ற திறப்பு ஒலிபெருக்கியில் இரைச்சலாக வரும். சவுண்டுக்கு வேறு பேஸிலிருந்து மின்சாரம் எடுங்கள், மைக் கேபிளை டிம்மர் வயரோடு சேர்த்து ஓடவிடாதீர்கள்.

எல்ஈடி விளக்கை டிம்மர் பெட்டியில் எக்காரணம் கொண்டும் கொழுவக் கூடாது. அதற்குள் தனியான மின்னணுச் சுற்று இருக்கிறது; வெட்டப்பட்ட அலை போனால் சிமிட்டும், பின்னர் பழுதாகும். ஃபேடரை முழுவதும் திறந்து வைத்தால் சரிதானே என்று கேட்பவர்களும் உண்டு, அதுவும் சரியில்லை. சாதாரண பிளக்கிலிருந்து நேரடி மின்சாரமும், கடைசி டிம்மர் பெட்டியிலிருந்து நீட்டிய டிஎம்எக்ஸ் கேபிளும் கொடுக்க வேண்டும். அந்த வரிசையின் கடைசி விளக்கில் இரண்டாம் மூன்றாம் முனைகளுக்கிடையே 120 ஓம் தடை வைத்த முனையைக் கொழுவுங்கள். கேபிள் நீளும்போது அது இல்லாவிட்டால் விளக்குகள் தாமாகத் துடிக்கும்.

கேள்வியாளர்: காரைதீவு ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. கைப்பிடிகளைப் பிரித்து நகர்த்திப் பார்த்தோம். அண்ணாவியாரின் மூலை இப்போது அசையாமல் நிற்கிறது. மின்சாரத்தை மண்டபப் பொறுப்பாளரிடம் கேட்டு, திரீ பேஸ் இருப்பதை உறுதி செய்துகொண்டேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். டிம்மர் பெட்டிகளின் பக்கத்தில் ஒன்பது சிறிய சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை எப்படி வைக்க வேண்டும்? போர்ட்டில் 12 சனல்கள் மட்டும் இருக்கும்போது எல்ஈடி விளக்குகளை எங்கே சேர்ப்பது? போர்ட்டில் இருக்கும் மாணவிக்குக் குறிப்புத் தாளை எப்படி எழுதிக் கொடுப்பது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: புளியந்தீவு ஒளியமைப்பாளர்

ரீச்சர், ஒன்பது சுவிட்சுகளும் பெட்டியின் தொடக்க இலக்கத்தைச் சொல்பவை. முதலாவதின் பெறுமதி 1, பின்னர் 2, 4, 8, 16, 32, 64, 128, கடைசியில் 256. போடப்பட்டவற்றின் கூட்டுத்தொகையே இலக்கம். முதல் பெட்டி 1இலிருந்து 4 வரை, இரண்டாவது 5இலிருந்து 8 வரை, மூன்றாவது 9இலிருந்து 12 வரை கேட்க வேண்டும். ஆகவே முதல் பெட்டியில் முதலாம் சுவிட்ச் மட்டும். இரண்டாவதில் 1உம் 4உம் கூடி 5 வரவேண்டும் என்பதால் முதலாம், மூன்றாம் சுவிட்சுகள். மூன்றாவதில் 1உம் 8உம் கூடி 9, எனவே முதலாம், நான்காம் சுவிட்சுகள். இரண்டு பெட்டிகளுக்கு ஒரே இலக்கம் கொடுத்துவிட்டால் ஒரு ஃபேடருக்கு இரண்டு விளக்குகள் எரியும். பழுதென்று நினைத்துப் போர்ட்டைக் கழற்ற வேண்டாம்.

எல்ஈடிக்கு இடம் வேண்டுமானால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மூன்று சனல்கள் தேவை. பார் விளக்குகள் எட்டும் 1இலிருந்து 8 வரை இருக்கட்டும். ஃபிரெனெல் நான்கில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்பதாம் சனலில் சேருங்கள். 500உம் 500உம் 1000 வாட், 5 ஆம்பியர் சனல் தாங்கும். மூன்றாவது பெட்டியின் மற்ற மூன்று துளைகளையும் வெறுமையாக விடுங்கள். எல்ஈடி விளக்குகளை மூன்று சனல் முறைக்கு மாற்றி, நான்குக்கும் 10 என்ற ஒரே இலக்கத்தைக் கொடுத்தால், 10 சிவப்பு, 11 பச்சை, 12 நீலம் என்று நான்கும் ஒன்றாக நிறம் மாறும். நான்கையும் மேடையின் பின்திரைக்கு அடித்தால் போதும். தனித்தனி நிறம் வேண்டுமென்றால் இந்தப் போர்ட் போதாது.

ஒரு வேறுபாட்டை மாணவி அறிந்திருக்க வேண்டும். 1000 வாட் இழை, பிளாக்அவுட் பொத்தானை அழுத்திய பின்னும் ஒரு கணம் சிவந்து நின்றே அணையும். எல்ஈடி உடனே அணைந்துவிடும். முழு இருள் தேவைப்படும் இடத்தில் அந்தப் பொத்தானை நம்பாமல் கிராண்ட் மாஸ்டரைக் கையால் இறக்கினால் இரண்டும் ஒன்றாக இறங்குவது போலத் தோன்றும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பார் விளக்குகளை மிகக் குறைந்த அளவில் சிறிது நேரம் எரிய விடுங்கள். குளிர்ந்த இழைக்குள் முதல் கணத்தில் பாயும் மின்னோட்டம் மிக அதிகம். பெரும்பாலான இழைகள் அறுவது அப்போதுதான்.

குறிப்புத் தாள். ஒற்றை எண் க்யூக்கள் (ஒளி மாற வேண்டிய இடங்கள்) எல்லாம் ஏ வரிசை, இரட்டை எண் க்யூக்கள் எல்லாம் பி வரிசை என்று வைத்துக்கொண்டால் மாணவி இப்போது எந்த வரிசையில் இருக்கிறாள் என்று தேடமாட்டாள். ஒரு க்யூவுக்கு ஒரு வரி. எடுத்துக்காட்டாக: க்யூ 6, பி வரிசை, அரசன் வரவு முடிந்து தாளம் தீரும் கடைசி அடியில், பி முதலில், ஏ பின்னர், மெதுவாக, மூன்றாம் சனல் மாறாது, முடிந்ததும் ஏ வரிசையில் க்யூ 7ஐ வைக்கவும். அதே வரியில் பன்னிரண்டு கட்டங்கள் வரைந்து ஒவ்வொரு சனலின் அளவையும் எழுதுங்கள். பூச்சியத்தையும் எழுத வேண்டும். வெறுமையாக விட்ட கட்டத்தில் முந்திய காட்சியின் ஃபேடர் அப்படியே நின்றுவிடும்.

ஒத்திகையில் புதிதாக ஒரு மாற்றம் நடுவே நுழைந்தால் எண் வரிசை முழுவதும் குலைந்துபோகும். அப்படி வந்தால் அதை வரிசை மாற்றமாகச் செய்யாமல், எரிந்துகொண்டிருக்கும் வரிசையிலேயே ஓரிரு ஃபேடர்களைக் கையால் மெல்ல ஏற்றவோ இறக்கவோ சொல்லுங்கள். தாளில் அதை 6அ என்று எழுதுங்கள்.

பதில்: களுவாஞ்சிகுடிக் கூத்தாடி

ஐயா, அந்தத் தாளில் தருவின் முதலடியையும் கடைசி அடியையும் எழுதச் சொல்லுங்கள். 'அரசன் வரவு முடிந்ததும்' என்று மட்டும் எழுதினால், அண்ணாவியார் இன்னொரு சுற்று விடும்போது பிள்ளை அவசரப்பட்டுக் கைப்பிடியை இழுத்துவிடுவாள். கடைசி அடி காதில் விழுந்த பிறகு கை போகட்டும். ஒத்திகையின்போது அண்ணாவியாரைப் போர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் இருத்தி, தாளம் தீர்க்கப் போகும் வேளையில் பிள்ளையைப் பார்த்து ஒரு தலையசைப்புத் தரச் சொன்னால் இன்னும் நல்லது.